நான் காட்டிய துவக்கு

துப்பாக்கிக் கடையில் நான் மற்றத் துவக்கைக் காட்டியிருந்தால், என் கணவர் இன்றைக்கு முன்னைப்போலப் பேசிக்கொண்டிருப்பாரா? ஒரு வருஷமாகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

ஜேர்மனியில், ஹனோவருக்கு வெளியே ஒரு மரக்கறித் தோட்டத்தில் அவருக்கு வேலை. குளிர் தொடங்கினால் காட்டுப்புறாக்கள் கூட்டமாக இறங்கிக் முட்டைக்கோவாவைக் கொத்தித் தின்னும். நவம்பர் முதலாம் திகதி புறா வேட்டைக்காலம் திறக்கிறது. தோட்ட முதலாளியும் அயல் விவசாயிகளும் அன்றைக்கு ஒன்றாகப் போவார்கள். "நீயும் படிச்சுப் பரீட்சை எடு, எங்களோடை வா" என்று முதலாளி கூப்பிட, இவர் உண்மையாகவே படித்து அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டார்.

"ஊரிலை கேட்ட வெடிச்சத்தம் காணாதே?" என்று கேட்டேன். கடைசிச் சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவர் அவர். அப்போது பள்ளிக்கூடப் பொடியன்.

"அங்கை துவக்கு வைச்சிருந்தவங்களுக்கு ஒளிச்சுத் திரிஞ்சன். இஞ்சை அது என்ரை கையிலை இருக்கோணும். நானே எடுத்து, நானே கீழை வைக்கோணும். ஒருக்கா."

அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

பழைய இரட்டைக் குழல் துவக்குத்தான் வேண்டும் என்றார். மற்றவர்கள் தங்கள் தகப்பன்மாரின் துவக்குகளோடு வருவார்களாம். "புதுசோடை போய் நிண்டால், புது ஆள் எண்டு தூரத்திலையே தெரியும்."

கடைக்கு மகளையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதலாளியும் வந்திருந்தார். "மனைவி தெரிவு செய்யத் துவக்கு வாங்கும் வேட்டைக்காரனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

"அவதான் வீட்டிலை எல்லாத்தையும் மூண்டு தரம் வாசிக்கிறவ" என்றார் இவர். பகிடிதான். ஆனால் உண்மை. அந்தக் கிழமை முழுக்கப் பழைய துவக்குகளைப் பற்றி வாசித்துக் கண் நொந்துபோயிருந்தது.

கடைக்காரர் மேசையில் மூன்றை வைத்தார். முதலாவதில் பறக்கிற தாரா ஒன்று அழகாகச் செதுக்கியிருந்தது. குழலுக்குள்ளே இரும்புக் கறள் தின்ற புள்ளிகள். அதை ஒதுக்கிவிட்டோம். இரண்டாவதில் எல்லாம் உள்ளேயே மறைந்திருந்தது. மேலே ஒரு சின்னப் பூட்டு. தள்ளினால் சுடலாம், இழுத்தால் சுட ஏலாது. மூன்றாவதற்கு வெளியே, இரு காது போல, இரண்டு சின்னச் சுத்தியல்கள். அவற்றைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் வெடிக்கும். சுடாமல் விடுவதென்றால், விசையை அழுத்திக்கொண்டே சுத்தியலை மெல்ல மெல்லத் திரும்ப இறக்க வேண்டும்.

இவருடைய கை இரண்டாவதில் இருந்தது. முதலாளியும் அதையே எடுக்கச் சொன்னார்.

நான் மூன்றாவதைக் காட்டினேன். சுத்தியல் இழுத்திருக்கிறதா இல்லையா என்று தூரத்தில் நின்றே எனக்குத் தெரியும். நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆபத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை.

"அப்ப இதுதான்" என்று இவர் கையை எடுத்துவிட்டார்.

பிறகு ஆயுத பூசை வந்தது. வழக்கமாகக் கத்தரிக்கோல், மகள் எழுதிப் பழகும் கொப்பி, அவருடைய கோவா வெட்டும் கத்தி, என் கணினி எல்லாவற்றையும் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைப்பேன். அந்த முறை, துவக்குக்கென்று சட்டப்படி வாங்கிய இரும்புப் பெட்டியைத் திறந்து அவர் அதையும் எடுத்து வந்தார். அதன் மரப்பிடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். வைக்காமல் விட்டால் ஏதாவது குறை வந்துவிடுமோ என்ற பயம்.

"நீர் பொட்டு வைச்சாச்சு. இனி ஒண்டும் நடக்காது" என்றார். பூசை முடிந்தவுடன் திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

வேட்டை திறந்த நாளில் நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கிய முதலாளிதான் வாசலில் நின்று, குரலைத் தணித்துச் சொன்னார். புறாக்கள் எழும்பியதும் இவர் இரண்டு சுத்தியலையும் இழுத்து, ஒரு குழலைச் சுட்டிருக்கிறார். ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் மற்றவர்கள் எல்லாரும் சுடத் தொடங்க, இவர் தலையைக் குனிந்து குந்தியிருக்கிறார். மற்றச் சுத்தியல் இழுத்தபடியே நிற்கிறது. அதை இறக்க இவருடைய பெருவிரலால் ஏலவில்லை. கோவாப் பாத்திக்குள் துவக்கோடு குப்புறப் படுத்துவிட்டார். முதலாளி தவழ்ந்து போய் அதை வாங்கி, சுத்தியலை இறக்கியிருக்கிறார்.

"அந்த இரண்டாவது என்றால் பூட்டை இழுத்திருப்பான், அவ்வளவுதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னார்.

அன்றிலிருந்து இவர் வேலைக்குப் போவார், வருவார், மகள் கேட்டால் "ஓம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு துவக்குக்கு எண்ணெய் பூசுவார். வெளியே நின்று கேட்பேன். சுத்தியல் இழுபடும், இறங்கும். திரும்ப இழுபடும்.

"இஞ்சாருங்கோ, அதை வித்துப்போடுவம்" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீர் பொட்டு வைச்சுச் சுவாமிக்கு வைச்சது. அதை விக்கிறதே?"

என் கையால் நானே கட்டிய முடிச்சு. மனநல வைத்தியரிடம் நேரம் குறித்து ஒரு டெர்மின் எடுப்போமா என்றேன். "எழுத்திலை வந்தால் அனுமதியைப் பறிப்பாங்கள். பிறகு நான் தோட்டத்து ஆக்களுக்கு முன்னாலை என்னவா நிக்கிறது?" என்றார். இரும்புப் பெட்டியைத் திறக்கும் எண் எனக்குத் தெரியாது. அனுமதி இல்லாத ஆளுக்குச் சொல்லக்கூடாது என்பது சட்டம். நானும் கேட்டதில்லை.

இப்போது திரும்ப ஒக்டோபர். போன கிழமை புதுத் தோட்டாப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். முதலாளி இந்த முறை கூப்பிட்டாரா என்று கேட்டேன். தோட்டாக்களை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் தனக்கு ஏதும் செய்துவிடுவாரோ என்பதுதான் என் பயம். இதை ஒருவரிடமும் வாயால் சொன்னதில்லை.

ஆயுதங்களுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு நான் அறிவிக்கலாம். வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். யார் சொன்னது என்று அவருக்கு உடனே விளங்கும். அதோடு, அவர் இந்த நாட்டில் தானாகச் சம்பாதித்த ஒரே மரியாதையும் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த இரும்புப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கும், மகள் படுக்கிற அறைக்குப் பக்கத்துச் சுவரில்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு மனிதரோடு வாழ்ந்திருந்தால், அல்லது அப்படி ஒரு மனிதராகவே இருந்தால், எனக்குச் சொல்லுங்கோ. நான் அறிவிக்கட்டா? இல்லை, முதலில் அந்த அறைக் கதவைத் தட்டட்டா? வேட்டை திறக்க முந்தி எழுதுங்கோ.