பக்கத்துல உக்கார வேண்டியவரு

எல்எல்ஆர் எடுக்கச் சொன்னதே எங்க வூட்டுக்காரருதான். ஒரு நாள் சாயங்காலம் ஆட்டோவை வாசல்ல நிறுத்திட்டு உள்ள வந்தவரு, சட்டையைக் கூட கழட்டாம, "நீயும் ஒரு லைசென்ஸ் எடுத்து வெச்சிக்கோம்மா"ன்னாரு. நான் தறியில உக்காந்துக்கினு இருந்தேன். கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன். நாப்பத்தாறு வயசுல எனக்கு லைசென்ஸா? "ஏன், நீங்க ஓட்டிக் கிழிச்சது போதாதா?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல. "எடுத்து வெச்சா நல்லதுதானே"ன்னு சொல்லிட்டு கை கால் கழுவப் போயிட்டாரு.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு உள்ளுக்குள்ள ஆசைதான். கல்யாணம் ஆன புதுசுல ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு காலி மைதானத்துல அவரு எனக்கு ஆட்டோ ஓட்டக் கத்துக் குடுத்திருக்காரு. ஹேண்டில் பாரைப் புடிச்சா எறங்கவே மனசு வராது. அப்புறம் பொண்ணு பொறந்தா, தறி வந்துச்சு, எல்லாம் அதோட போச்சு. இத்தனை வருஷம் கழிச்சி அந்த ஆசையை ஞாபகம் வெச்சிக்கினு கேக்கறாரேன்னு எனக்கு ஒரே பூரிப்பு. எவ்ளோ பெரிய மடச்சி பாருங்க நான்.

மாகறல்ல கட்டிக் குடுத்த என் பொண்ணு ஒரு ஞாயித்துக்கெழமை வந்து, போன்ல ஒரு ஆப்பை ஏத்திக் குடுத்துட்டுப் போனா. ரோட்டுல இருக்கிற போர்டுங்க படம் படமா வரும், அடியில மூணு பதில் இருக்கும், சரியானதைத் தொடணும். ஆர்டிஓ ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லயும் இதே மாதிரிதான் கேப்பாங்களாம். தெனமும் வெளக்கு வெச்சதும் அவரு சேர்ல உக்காந்துக்குவாரு, நான் கீழ உக்காந்து போனை அவரு பக்கம் நீட்டிக் காட்டுவேன்.

"இது இன்னாங்க?"

"நீ மொதல்ல சொல்லு. வட்டமா முக்கோணமா?"

"வட்டம்."

"இன்னா கலரு?"

"நீலம். சுத்தி செவப்பு. குறுக்கால ஒரு கோடு."

"நோ பார்க்கிங். ரெண்டு கோடு பெருக்கல் மாதிரி இருந்தா, வண்டியை அங்க நிறுத்தவே கூடாது. முக்கோணம்னா எச்சரிக்கை. இதை மட்டும் மனசுல போட்டுக்கோ, பாதி பாஸ்."

எவ்ளோ அழகா சொல்லிக் குடுக்கறாரு மனுஷன், நாமளே யோசிக்கணும்னு கேள்வி கேட்டுக் கேட்டு வரவழைக்கறாரேன்னு பக்கத்து வூட்டுல எல்லாம் பெருமை பேசிக்கினு திரிஞ்சேன்.

பத்து நாள் போயிருக்கும். அன்னிக்கும் அப்படித்தான் போனை நீட்டினேன். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கற சத்தம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். எழுந்து போய் அணைச்சிட்டு வந்து, மறுபடி போனைத் தூக்கிப் புடிச்சி, "இது இன்னாங்க?"ன்னேன். முந்தின நாளு நான் தப்பா சொன்ன அதே போர்டுன்னு நெனச்சிக்கினாரு போல. கண்ணைச் சுருக்கி நல்லா உத்துப் பாத்தாரு. "ம், இது நோ பார்க்கிங்தான்"ன்னாரு.

நான் போனைத் திருப்பிப் பாத்தேன். ஸ்க்ரீன் அணைஞ்சி போயிருந்துச்சு. சுத்தமா கருப்பு.

வெளையாட்டு காட்டறாரோன்னு ஒரு நொடி நெனச்சேன். அணைஞ்ச போனையே இன்னும் கிட்ட நீட்டி, "இப்போ இன்னா தெரியுது?"ன்னு கேட்டேன். அவரு, "வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வெய்யேன்"ன்னாரு.

அன்னிக்கு நான் கத்தின கத்துல தெருவே எட்டிப் பாத்திருக்கும். ஆட்டோவுல ஆர்சி புக்கு வெக்கிற கவருக்குள்ள இருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் குடுத்தாரு. சுகர் கண்ணுக்கு ஏறிடுச்சாம், உள்ள ரத்தம் கசிஞ்சி நடுப்பார்வை போயிடுச்சாம். லேசர் வெச்சா இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது திரும்ப வராதாம். சீட்டு வாங்கி அஞ்சு மாசம். அஞ்சு மாசமா தெனமும் காலையில ஐயம்பேட்டைக்குப் போயி ஆறு புள்ளைங்களை ஏத்திக்கினு பெரிய காஞ்சிபுரத்துல இருக்கிற ஸ்கூல்ல எறக்கி விட்டுக்கினு இருக்காரு. அதுல ஒண்ணு யூகேஜி படிக்குது. எங்க வாசலைத் தாண்டும்போது எனக்கு டாட்டா காட்டும்.

"பாவி மனுஷா, ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ரோடு எனக்கு மனப்பாடம்மா. ஓரத்துல எல்லாம் தெரியுது. நடுவுலதான் கொஞ்சம் மங்கல்."

"வண்டி நடுவுலதானே போவுது!"

அவரு தலையைக் குனிஞ்சிக்கினாரு. "நீ பாஸாயிடு. சாவியை உன் கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் வாய்தா குடு"ன்னாரு. எதுக்காக லைசென்ஸ் எடுக்கச் சொன்னாருன்னு அப்பத்தான் எனக்கு மண்டையில ஏறிச்சு. நான் அழுதேன். அழுதுட்டு, நான் செஞ்சது இன்னா தெரியுமா? சரின்னேன். அந்தப் புள்ளைங்களோட அம்மாங்க போன் நம்பர் எல்லாம் என்கிட்டயும் இருந்துச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பண்ணல. சீக்கிரம் பாஸாயிடுவோம், யாருக்கும் தெரியாமயே முடிஞ்சிடும்னு பேராசை.

அதுக்கப்புறம் ராப்பகலா படிச்சேன். தறியில உக்காந்தா கூட வாய் முணுமுணுக்கும். பரீட்சைக்குப் போனப்போ எனக்குத் தெரியாத போர்டே கெடையாது.

ஆனா தோத்துட்டேன். எப்படித் தோத்தேன்னு சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும். ரெண்டாவது கேள்வியிலயே கை தவறி பக்கத்துப் பதிலைத் தொட்டுட்டேன். தொட்டதும் அடுத்த கேள்வி வந்துடுச்சு. தறியில இருவது வருஷமா எனக்கு ஒரே பழக்கம். பாவுல ஒரு இழை அறுந்தா அங்கேயே நிறுத்தி முடிச்சு போட்டுட்டுத்தான் மேல நெய்யணும். தப்பு விழுந்ததைப் பாத்துட்டா, குறுக்கால போட்ட ஊடை நூலைப் பிரிச்சிக்கினே பின்னால வந்து சரி பண்ணணும். தப்பை விட்டுட்டு முன்னால போற பழக்கமே என் கைக்குக் கெடையாது. அதனால பின்னால போற பட்டன் எங்க இருக்குதுன்னு தேட ஆரம்பிச்சிட்டேன். மேல பாத்தேன், கீழ பாத்தேன், அங்க நின்னவரைக் கூப்பிட்டேன். "சார், அதுக்கு முந்தினதைத் திருத்தணும்." "அதெல்லாம் முடியாதும்மா, எதிர்ல இருக்கிறதைப் பாரு, டைம் ஓடுது பாரு"ன்னாரு. ஓடித்தான் போச்சு. மூணாவது போச்சு, நாலாவது போச்சு, பதறிப் போயி அஞ்சாவதுல ரெண்டு தடவை தொட்டுட்டேன். கடைசியில செவப்புல எழுத்து வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சி வாங்கன்னாங்க.

வெளிய அவரு ஆட்டோவுல சாஞ்சிக்கினு நின்னாரு. நான் கிட்ட போறவரைக்கும் என் மூஞ்சியை அவரால படிக்க முடியல. "பாஸா?"ன்னு சிரிச்சிக்கினே கேட்டாரு. இன்னும் ஒரு வாரம் அந்த ஆறு புள்ளைங்களும் இவரு கையிலன்னு நெனச்சப்போ எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு.

மறுநாள்ல இருந்து நானும் கூடப் போனேன். டிரைவர் சீட் ஓரத்துல ஒண்டிக்கினு உக்காந்து, புள்ளைங்களுக்குக் கேக்காத மாதிரி காதுல சொல்லிக்கினே வருவேன். ஸ்பீட் பிரேக்கர். ரைட்ல பஸ். மாடு. மெதுவா, மெதுவா. அம்மாங்க எல்லாம், "இன்னாக்கா, அண்ணனை வுட்டுப் பிரிய முடியலயா?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. நானும் பல்லைக் காட்டுவேன். அந்தச் சிரிப்பை நெனச்சா இன்னிக்கும் என் மேல எனக்கே காறித் துப்பணும் போல இருக்குது.

நாலாவது நாள் புள்ளைங்களை எறக்கிட்டு என்னை வூட்டுல வுட்டுட்டு தனியா ஸ்டாண்டுக்குப் போனாரு. சாமி புறப்பாட்டுக்காகத் தெருவை மறிச்சி கயிறு கட்டியிருந்தாங்க. நேரா அதுல போய் வுட்டுட்டாரு. சைடு கண்ணாடி உடைஞ்சி, முழங்கையில சதை கிழிஞ்சி, ரத்தத்தோட வந்து நின்னாரு. "எவனோ அறிவு கெட்டவன் நடுத்தெருவுல கயிறு கட்டி வெச்சிருக்கான்"னாரு. நான் போய்ப் பாத்தேன். கயிறு முழுக்க, முழத்துக்கு ஒண்ணா, செவப்புத் துணி கட்டித் தொங்க வுட்டிருந்தாங்க.

ரெண்டாவது தடவை பரீட்சையில நான் பின்னாலயே பாக்கல. தப்போ சரியோ, தொட்டுட்டு அடுத்தது, தொட்டுட்டு அடுத்தது. கடைசிக்கு முந்தின கேள்வி, பழகுநர் வண்டி ஓட்டும்போது பக்கத்துல யார் இருக்கணும்னு. நண்பர், உறவினர், செல்லுபடியாகற ஓட்டுநர் உரிமம் வெச்சிருக்கிறவர். மூணாவதைத் தொட்டேன். கடைசிக் கேள்வியும் முடிஞ்சதும் பச்சை எழுத்து வந்துச்சு, பாஸ். தொட்டப்போ எனக்கு ஒண்ணும் தோணல. வெளிய வந்து பேப்பரைக் கையில வாங்கினப்பறம்தான், பக்கத்துல உக்கார வேண்டியவரு எங்க வூட்டுக்காரருதானேன்னு உறைச்சுது.

அவருக்கோ தலைகால் புரியல. "நாளையில இருந்து நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"எல் போர்டுல புள்ளைங்களை ஏத்தக் கூடாதுங்க. இன்னும் ஒரு மாசம் கழிச்சித்தான் ஓட்டிக் காட்டற டெஸ்டே. அதுவரைக்கும் வெறும் வண்டிதான்."

"அப்போ இந்த ஒரு மாசம் நானே ஓட்டறேன். நீ சொல்லிக்கினு வா. எப்பவும் போல."

எப்பவும் போலன்னு அவரு சொன்ன வார்த்தைதான் என்னைக் கொன்னுச்சு. எப்பவும் போலன்னு ஆகிப்போச்சு பாருங்க, அந்தக் கொடுமை. நான் போனை எடுத்து, அவரு எதிர்லயே ஒவ்வொரு அம்மாவுக்கா போன் பண்ணேன். நாளையில இருந்து வண்டி வராது, வேற ஆட்டோ பாத்துக்குங்கன்னேன். காரணம் கேட்டவங்களுக்கு வண்டி ரிப்பேருன்னேன். நெஜத்தைச் சொல்ல அப்பவும் எனக்குத் துப்பில்ல. ஒருத்தி கோவிச்சிக்கினா. யூகேஜி புள்ளையோட அம்மா மட்டும், "அண்ணன் மாதிரி ஜாக்கிரதையா ஓட்டறவங்க எங்கக்கா கெடைப்பாங்க?"ன்னு அழாத கொறையா கேட்டா. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவரு கேட்டுக்கினுதான் இருந்தாரு. ஆட்டோ சாவியை எடுத்து தறி மேல வெச்சிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. ரெண்டு நாள் என்னோட பேசல.

மூணாவது நாள் சாயங்காலம் நானே கூப்பிட்டேன். லேசருக்குச் சீட்டு போட்டு வெச்சிருக்குது, நாள் வர்ற வரைக்கும் சும்மா படுத்துக்கினு இருந்தா ஆவுமா? ஆட்டோ கண்ணாடியில செவப்புல எல்னு எழுதி ஒட்டினேன். குளிச்சி, காக்கிச் சட்டை போட்டுக்கினு வந்து பக்கத்துல உக்காந்தாரு. வெறும் வண்டியைத்தான் ஓட்டினேன். அவரு வாய் மட்டும் சும்மா இருக்கல. ஆரன் அடி, கிளட்சை முழுசா புடி, இங்க பள்ளம் வரும்னு சொல்லிக்கினே வந்தாரு. பள்ளம் எல்லாம் அவரு சொன்ன எடத்துலயே வந்துச்சு.

பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு டிராபிக் போலீஸ்காரரு கை காட்டினாரு. ஓரம் கட்டினேன். என் பக்கமா வந்து நின்னு, "எல்எல்ஆரா? கூட இருக்கிறவருக்கு லைசென்ஸ் இருக்குதா?"ன்னு கேட்டாரு.

"இருக்குது சார். இருவத்தி ரெண்டு வருஷ சர்வீஸு"ன்னு சொல்லிக்கினே எங்க வூட்டுக்காரரு பாக்கெட்ல இருந்து கார்டை எடுத்தாரு. பழைய கம்பீரத்தோட கையை நீட்டினாரு. போலீஸ்காரரு நின்னது ஒரு பக்கம், அவரு நீட்டினது வேற பக்கம். அங்க ஒரு கரும்பு ஜூஸ் வண்டிதான் இருந்துச்சு. நான் அவரு மணிக்கட்டைப் புடிச்சி மெதுவா இந்தப் பக்கம் திருப்பினேன்.

போலீஸ்காரரு கார்டை வாங்கி, முன்னால பின்னால பாத்தாரு. எல்லாம் சரியா இருந்துச்சு, இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் செல்லும். அவரு கையிலயே திருப்பிக் குடுத்து, "அக்காவுக்குப் பொறுமையா சொல்லிக் குடுங்கண்ணே"ன்னுட்டு, பின்னால வந்த வேனை நிறுத்தப் போயிட்டாரு.

எங்க வூட்டுக்காரரு நேரா பாத்துச் சிரிச்ச மூஞ்சியோடவே உக்காந்துக்கினு இருந்தாரு. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணல. கொஞ்ச நேரம் கழிச்சி, சிரிப்பைக் கொறைக்காம, உதட்டை அசைக்காம, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி கேட்டாரு.

"போயிட்டாராம்மா?"