அக்காவின் மெத்தைக்கு ட்ரில் சார்ஜர்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். தச்சு வேலையில் குறை சொல்ல முடியாத ஆள்தான். வீட்டுக்குள்தான் தொல்லை. உடைந்த கீல், வளைந்த ஆணி, செத்துப்போன ட்ரில், எதைத் தூக்கிப் போடப் போனாலும் "இருக்கட்டும்" என்பார். தெருவில் அவருக்குப் பெயரே 'இருக்கட்டும்' என்றாகிவிட்டது.

அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானதும், முதுகில் புண் வராமலிருக்க ஒரு காற்று மெத்தை வாங்கிக் கொடுத்தேன். சத்தமில்லாத சின்ன பம்ப் ஒன்று அதை ஊதிக்கொண்டே இருக்கும். போன வாரம் பம்பின் அடாப்டர் புகைந்துவிட்டது. கடை தெருமுனையில்தான் இருக்கிறது. மனிதர் போனாரா? பரணிலிருந்து பழைய ட்ரில் சார்ஜரை இறக்கினார்.

"ரெண்டும் பன்னெண்டு வோல்ட்டுதான். சும்மா கெடக்குற சார்ஜருக்கு ஒரு வேலை."

செத்த பேட்டரியைப் பிரித்து, வெறும் கூட்டில் வயரைப் பற்றவைத்து பம்புக்கு இழுத்தார். பேட்டரி இல்லாமல் சார்ஜர் மின்சாரம் விடாதாம். கூட்டுக்குள் ஒரு ரெசிஸ்டரை வைத்து, பேட்டரி இருப்பதாகச் சார்ஜரை ஏமாற்றினார். சிவப்பு விளக்கு எரிந்தது, பம்ப் ஓடியது. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அலட்டலைப் பார்க்க எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். "பாரு, பச்சை எரியுது. ஜம்முனு ஓடுது," என்றார். அக்காவின் முதுகுக்கடியில் கையை விட்டேன். மெத்தையில் காற்றே இல்லை, கட்டில் பலகைதான் தட்டுப்பட்டது.

"பச்சைன்னா என்ன மாமா அர்த்தம்? ட்ரில்லுக்கு எத்தனை வருஷம் சார்ஜ் போட்டிருக்கீங்க?"

அவர் முகம் செத்துப்போனது. "பேட்டரி நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். நிறைஞ்சா நின்னுடும்."

எனக்கு இரக்கமே வரவில்லை. அக்காவைப் புரட்டினேன். இடுப்புக்கு மேலே தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"நல்லா பாருங்க. உங்க சாமர்த்தியத்துக்கு இவ முதுகுதான் கெடச்சுதா?"

சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் கடைக்கு ஓடினார்.

"வலிக்கலையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத நாளே நின்னுடுச்சுடி," என்றாள். "நான் விழுந்ததுலேருந்து அவரு சிரிச்சு நான் பாக்கல. அன்னிக்குத்தான் சிரிச்சாரு. எப்படிச் சொல்றது? நீயும் சொல்லிடாத."

அவர் மேலிருந்த ஆத்திரமெல்லாம் அவள் மேல் திரும்பியது. "சொல்லத்தான் போறேன். வரட்டும்," என்று கத்திக்கொண்டே மருந்தைத் தடவினேன்.

மூச்சிரைக்க வந்தார். புது அடாப்டரைச் செருகினார். மெத்தை மெல்ல எழும்பியது. என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்: "எப்ப நின்னுச்சாம்?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் காலைலதான்," என்றேன். என்னைப் பொய் சொல்ல வைத்ததற்காகவும் அந்த ஆளை நான் மன்னிக்கப் போவதில்லை.