வார்டன் தட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் கோலா சிலாங்கூரில் ஓர் அரசாங்க இடைநிலைப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனேன். போன அன்றே மாணவியர் விடுதி வார்டன் வேலையும் தலையில் விழுந்தது. மதியம் சாப்பாட்டுக் கன்ட்ராக்டர் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் சாப்பிடுமுன் ஆசிரியர் ருசி பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்பது விதி. முழுசாக வறுத்த கெம்போங் மீன். நன்றாகவே இருந்தது.

"டீச்சர் ஓகேன்னா எல்லாம் ஓகே லா," என்றார்.

இவ்வளவு நல்ல சாப்பாடு என்றால் பிள்ளைகள் கொட்டிய சோற்றால் குப்பைத்தொட்டி ஏன் நிரம்பி வழிகிறது? எதையும் நோண்டிப் பார்ப்பது என் பிறவிக்குணம். மூன்றாம் படிவம் படிக்கும் செல்வியைக் கேட்டேன். ரப்பர் எஸ்டேட் பிள்ளை. அங்கிருந்து பள்ளி நேரத்துக்கு வந்துபோக பஸ் கிடையாது. விடுதியை விட்டால் படிப்பும் போச்சு.

"பசி தாங்கல டீச்சர். சனிக்கிழம அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. அம்மாகூட பால்மரம் வெட்டப் போயிடறேன்."

மறுநாள் அவளோடு உட்கார்ந்து தட்டை மாற்றிக்கொண்டேன். வால் பக்கத்துத் துண்டு ஒன்று, அதுவும் நாற்றம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்ட்ராக்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"முன்ன இருந்த டீச்சருங்க யாரும் கொற சொல்லலியே."

அது பொய்யில்லை. அவர்கள் தின்றது வேறு மீன்.

தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். தனித்தட்டு வேண்டாம், ருசி பார்ப்பவர் பிள்ளைகளோடு வரிசையில் கடைசி ஆளாக நிற்கட்டும். ஆசிரியர் அறை கொதித்தது.

"தட்டேந்தி நிக்க நாங்க என்ன பிச்சைக்காரங்களா?" என்றார் ஒரு மூத்த ஆசிரியை.

கன்ட்ராக்டரைத் திட்ட எல்லோரும் தயார். அந்த மீனை விடத்தான் மனசு வரவில்லை. தலைமையாசிரியர் யாரோடும் வாதாடவில்லை. அன்று மதியம் அவரே தட்டோடு கடைசியில் போய் நின்றார். அவர் முறை வருமுன் மீன் தீர்ந்துவிட்டது. வெறும் சோற்றைப் பிசைந்து, கன்ட்ராக்டரைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். மறுநாளிலிருந்து நல்ல மீன் எல்லோருக்கும் வந்தது.

சனிக்கிழமை செல்வியின் அப்பா வந்தார். "மொதல்ல சாப்பிடுங்கண்ணே," என்று வரிசையில் எனக்கு முன்னால் நிற்கவைத்தேன். அவர் தன் தட்டைப் பார்த்தார், மகள் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு சரி டீச்சர். நாளைக்கு?"

"நாளைக்கும் நான் கடைசியிலதாண்ணே நிப்பேன்."

அவர் மகளை விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினார். நான் மாற்றலாகும்வரை வரிசையில் கடைசியாகத்தான் நின்றேன். ஊழலைத் தடுக்கப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, இது ஒரு நாள் சண்டையில்லை. பல மதியங்களில் சோறு ஆறிப்போய்த்தான் கிடைக்கும்.