டாக்டரம்மா காரின் மேல்துணி

கார் ஓடவில்லை என்றால் மெக்கானிக்கைத் தேடுவார்கள். ஓடுகிற காரில் உட்கார முடியவில்லை என்றால்தான் குஷன் கடைக்காரன் ஞாபகம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் தயாளனும் நானும் திண்டிவனத்தில் கூட்டாக அப்படியொரு கடை வைத்திருந்தோம். காரின் தகரக் கூரைக்கு உட்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கும் துணிக்கு மேல்துணி என்று பெயர். அது தொங்கித் தலையில் உரச, கழுத்தைச் சாய்த்தே பயணம் செய்து பழகிய அன்பர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

கெடு

விழுப்புரத்தில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரின் வண்டி அது. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். ஓட்டி வந்தவர் டிரைவர் ஏழுமலை. ஐம்பதைத் தாண்டியவர், அந்த வண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டி அறியாதவர். முந்தின நாள் விக்கிரவாண்டி அருகே துணி மொத்தமாக இறங்கி அவர் கண்ணை மறைத்துவிட்டது. பின்சீட்டில் வலியெடுத்த பெண் ஒருத்தி. எதிரே கரும்பு வண்டி. மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். இன்னொரு தரம் விழுந்தால் காரை விற்றுவிடுவேன் என்று டாக்டரம்மா கெடு வைத்துவிட்டார்.

ஏழுமலை சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்: "வண்டி பூட்சின்னா இந்த வயசுல மல்லாட்டை புடுங்கத்தான் போவணும் மேஸ்திரி. எப்டியாச்சும் துணிய நிக்க வையுங்க." மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

பசை

அந்தக் காரின் மேல்துணியைக் குறுக்கே ஐந்து வளைந்த கம்பிகள் தாங்கும். துணியில் நீளமாக மடிப்புத் தைத்து, அதற்குள் கம்பியை நுழைத்து மாட்ட வேண்டும். ஐந்து மடிப்பு தைக்கச் சோம்பல்பட்டு, நான் கம்பிகளைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, புதுத் துணியைத் தகரத்தோடு பசை தடவி ஒட்டினேன். தயாளன் வேண்டாம் என்றான் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சித்திரை வெயில். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தகரம் கொதித்து, பசை இளகி, துணி ஏழுமலையின் தோளில் இறங்கியது. நல்லவேளை, டாக்டரம்மா காரில் இல்லை. டீக்கடை ஓரம் நிறுத்தி, துணியை விலக்கிக்கொண்டு இறங்கியவரிடம் டீ மாஸ்டர் கேட்டாராம்: "இன்னாண்ணா, வண்டிக்குள்ளயே பந்தல் போட்டுக்கினு வர்ற? யாரு ஊட்டுக் கல்யாணம்?"

எட்டு மாசம்

திரும்பி வந்த ஏழுமலை, நாளை மதியம் டாக்டரம்மாவே பஸ்ஸில் வந்து வண்டியை எடுத்துப் போகிறார் என்றார். இந்த முறை குறுக்கு வழி கிடையாது என்று உட்கார்ந்தோம். பசையைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தோம். ஐந்து மடிப்பும் தைத்தோம். கம்பிகளைக் கோத்து மாட்டினால், முன்னால் விறைப்பு, நடுவில் தொப்பை!

ஐந்து கம்பியும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் நீளத்தில் விரற்கடை வித்தியாசம் உண்டு. கழற்றும்போதே சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண் போடுவது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இனிக் கம்பியே தேவையில்லை என்ற தைரியத்தில் நான் போடவில்லை. மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தால் துணி நைந்துவிடும். பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டி நிமிர்த்தும் டிங்கர் காதர் பாய் காருக்குள் எட்டிப் பார்த்தார்: "எட்டு மாசம் இருக்குமா மேஸ்திரி? டாக்டரம்மா வண்டின்னு கேக்காமலே தெரியுது."

துருக்கறை

பழைய துணியில் ஒவ்வொரு கம்பியும் துருக்கறையாகத் தன் நீளத்தை விட்டுப் போயிருக்கும் என்பது தயாளனுக்குத்தான் தோன்றியது. அந்தத் துணியை நான் காதர் பாய்க்குக் கொடுத்திருந்தேன். அவர் அதை விரித்து ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை எழுப்பக்கூட நேரமில்லை. இருவருமாகப் பிடித்து உருவினோம். கறைகளை அளந்து, கம்பிகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டினோம். துணி மேளத்தோல் மாதிரி விறைத்து நின்றது.

நாங்கள் உருவியபோதே லாரிக்கு அடியிலிருந்து காதர் பாயின் குரல் மட்டும் வந்திருந்தது: "குடுத்த துணிய உருவிக்கினு போறியே தயாளா, அடுத்து என் லுங்கிக்கா வருவ?"

விக்கிரவாண்டி

டாக்டரம்மா வந்தார். மேல்துணியை விரலால் அழுத்திப் பார்த்தார். "நீங்களும் ஏறுங்க" என்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார். உச்சி வெயிலில் கிளம்பினோம். விக்கிரவாண்டியில், முன்பு துணி விழுந்த இடத்திலேயே வண்டியை வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். கால் மணி நேரம் நாங்கள் மூவரும் புளியமரத்தடியில் நின்று காரையே பார்த்தோம்.

பிறகு டாக்டரம்மா கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, துணியை நான்கு இடத்தில் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஏறிக்கொண்டார். வண்டி ஒரு மைல் போயிருக்கும், பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "வண்டிய விக்கல ஏழுமலை. ஆனா நீங்க மேலயே பாத்துக்கினு ஓட்டினீங்கன்னா நாமதான் பள்ளத்துல விழுவோம். ரோட்டப் பாருங்க."

மேல்துணி தைப்பவனுக்கு இந்த உலகத்தில் கிடைக்கக்கூடிய ஒரே நற்சான்று, காரில் ஏறுகிற யாரும் நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதுதான்.