செல்லையாவும் மூன்று பொன்னாடைகளும்

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு பழகவிடுவது என் வேலை. கேட்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சியாவது நடத்தி நொந்துபோனவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஆள் சரியில்லை

கொடைக்கானல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எங்களுக்கு ஒதுக்கினார்கள். முதல் வாரம் வில்பட்டி செல்லையாவைக் கூட்டிப்போனேன். ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் சமையல். பெரிய வீரக்கதை வேண்டாம், ஒழுங்காக வேலை பார்த்த ஒரு மனிதரைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும் என்பதுதானே திட்டம்?

தலைமையாசிரியை என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஜீப்பில் இன்னொருவர் இருப்பார் என்று நினைத்தார் போல. யாரும் இறங்காததால் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "சண்டை போட்டவங்க யாரும் கெடைக்கலீங்களா மேடம்?"

அப்பா என்ன செய்கிறார்

அன்றைக்கே, பீரியட் தொடங்குமுன், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். ஜெனிபர் என்ற பெண், 'அப்பா சேவியர், பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் மேனேஜர்' என்று எழுதியிருந்தாள். அந்த லாட்ஜில்தான் நான் தினமும் டிபன் சாப்பிடுகிறேன். சேவியர் அங்கே சமையல்காரர். நல்ல கைப்பக்குவம்.

எனக்குச் சுருக்கென்றது. வேறு யாருக்குப் பயன்படாவிட்டாலும் இந்தப் பெண்ணுக்குச் செல்லையா வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். தாளை என்னிடம் கொடுத்தவள், போகாமல் நின்றாள். "மிஸ், இத யாருக்கும் படிச்சுக் காட்ட மாட்டீங்கள்ல?"

நாற்பது நிமிடத்தில் ஐந்து

பீரியட் நாற்பது நிமிடம். இறைவணக்கம், வரவேற்புரை, பொன்னாடை, போட்டோ. போட்டோவில் தலைமையாசிரியை கண்ணை மூடிவிட்டால் பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்துவார்கள். பிறகு, இன்னும் வாயே திறக்காத மனிதருக்கு ஒரு நன்றியுரை. மூன்று வாரமும் இதே கூத்து. ஆள் அதே செல்லையா, பொன்னாடை மட்டும் புதுசு. வேண்டாம் என்று கெஞ்சினேன். வந்தவரைச் சும்மா அனுப்புவதா என்று தலைமையாசிரியை என்மேலேயே கோபித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம், மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பையன் எழுந்து, "எத்தன பேரக் கொன்னீங்க?" என்று கேட்டான். "ஒருத்தரையும் இல்ல" என்றார் செல்லையா. மணி அடித்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை, இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அதற்குமேல் அந்தப் பீரியட் கணக்குப் பாடத்துக்கு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. வாசலில் பொன்னாடையை மடித்துக்கொண்டே செல்லையா சொன்னார்: "அஞ்சு நிமிசத்துல டீத்தண்ணி கூடக் கொதிக்காதேம்மா, நான் என்னத்தப் பேச?"

சாவி திண்டுக்கல் போன நாள்

நாலாவது வெள்ளிக்கிழமை தலைமையாசிரியைக்குத் திண்டுக்கல்லில் மீட்டிங். பொன்னாடை பீரோவின் சாவியும் அவரோடு போயிருந்தது. எனக்கு உயிர் வந்தது.

செல்லையா பிள்ளைகளைச் சத்துணவுக் கூடத்துக்கு நடத்திப்போனார். நகம் பார்த்தார். அழுக்கு இருந்தவர்களைத் திருப்பி அனுப்பிக் கை கழுவவைத்தார். பையிலிருந்த ஒரு பொன்னாடையை எடுத்து, பேண்ட்டில் எண்ணெய் படாமல் இடுப்பில் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் கேரட் சீவ, அவர் உப்புமா கிளறினார். லடாக் மலையில் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது என்றும், நூற்றிருபது பேருக்கு மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டியதையும் கிளறியபடியே சொன்னார்.

"வேகலைன்னா?" என்று ஜெனிபர் கேட்டாள்.

"பட்டினியாத்தான் காவலுக்குப் போவணும். ஒருநா கூட அப்படிப் போவ விட்டதில்ல தாயி."

அவள் கையிலிருந்த கேரட்டைச் சீவி முடித்தாள். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்கப்பாவும் லாட்ஜுல சமையல்தான். அவரும் வெள்ளனே நாலு மணிக்கே போயிருவாரு."

மறுபடியும் பீரோ

மீட்டிங் சீக்கிரம் முடிந்து தலைமையாசிரியை வந்துவிட்டார். தாம் போர்த்திய பொன்னாடை செல்லையாவின் இடுப்பில் கரியோடு இருப்பதைப் பார்த்து முகம் சிவந்தது. ஜெனிபர் ஒரு தட்டு உப்புமாவை நீட்டினாள். சாப்பிட்டார். கணக்குப் பாடம் அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்த வாரம் ஜெனிபர் தன் அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். சேவியர் வேலைக்கு நடுவில் ஓடி வந்தவர், வாசலிலேயே தயங்கினார். அவள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். செல்லையாவும் அவரும் அடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நானும் ஒரு ஓரமாக உட்காரப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து தலைமையாசிரியையின் குரல் பியூனைக் கூப்பிட்டது: "இவருக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, வெரசா. போட்டோக்காரரையும் கூப்பிடுங்க."

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மனிதரைக் காட்டுவது பெரிய காரியமே இல்லை, அவரைப் பொன்னாடைக்குள்ளிருந்து வெளியே எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.