வரம்பு மீறிய வெண்குள்ளன்

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: நேற்று முன்தினம் காலை எங்கள் தெருவில் "மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" கேட்கவில்லை. ராஜபாளையத்துக்கு இது ஒரு செய்தியே அல்ல. எங்களுக்கோ அதுதான் சேதி சொன்னது. மைக்செட் அருள்தாசு மாமா உறக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்.

மாமா நாலடி உயரம். கல்யாணம், கோயில் கொடை, கிறிஸ்துமஸ், எதுவானாலும் ஒலியும் ஒளியும் அவருடையவை. ஆனால் அவர் நிற்பது மேடைக்குப் பின்னால். ஊர் வைத்த பெயர் குள்ளன்.

சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் நாடகப் போட்டி. எங்கள் சபை வாலிபர் குழுவின் நாடகத்தை எழுதி இயக்கியவன் அடியேன். அதன் நாயகன் வெண்குள்ளன், எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரம். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவைப் பிடுங்கித் தின்று, ஒரு வரம்பை எட்டியதும் வெடிக்கும். கிண்டலுக்குத்தான் மாமாவிடம் போனேன்.

"மாமா, குள்ளன் வேசம் இருக்கு. போடுதியளா?"

"ஏலே, எகத்தாளமா? குள்ளன் என்ன செய்வான்?"

"தின்பான். வெடிப்பான்."

"வெடிச்சா?"

"உலகம் அம்புட்டும் அண்ணாந்து பாக்கும்."

மாமா கையிலிருந்த வயரைச் சுற்றி வைத்தார். பிறகு சொன்னார்: "இதுவரைக்கும் எல்லாரும் என்னையக் குனிஞ்சுதாம்லே பாத்திருக்காவ. வாரேன்."

மேடையில் வாயுவுக்குப் பதில் பால்கோவா. ஏழாவது கரண்டி வரம்பு என்று முதலிலேயே அறிவித்திருந்தோம். உடனே நான் விளக்குகளைப் போட வேண்டும். ஏழு முடிந்தது. எட்டு, ஒன்பது... மாமா முழிக்கிறார், தின்கிறார், கன்னம் புடைக்கிறது. ஒருவழியாக அவருடைய விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தன. அரங்கம் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றது.

நடுவரான பேராசிரியை கேட்டார்: "வரம்பைத் தாண்டிட்டீங்களே?"

மாமா வாயைத் துடைத்துக்கொண்டார். "தாங்குத குள்ளன் கூடத்தாம்மா தின்பான். வெளிச்சமும் கூடத்தான் வரும்."

நடுவர் சிரித்துவிட்டார். அளவுக்கு மீறி ஒளிர்ந்து வெடித்த நட்சத்திரங்கள் வானில் உண்டு, வரம்பைவிடக் கனத்த வெண்குள்ளன்களாக அவை இருந்திருக்கலாம் என்றார். முதல் பரிசு! மாமாவைத் தோளில் தூக்கினோம். அரங்கமே அண்ணாந்து பார்த்தது. அதன்பின் ஊரில் அவர் பெயர் "ஸ்டார் மாமா."

அந்தக் கூடுதல் வெளிச்சம் என் ஆராய்ச்சி என்று நான் கதை அளக்காத ஆளில்லை.

நேற்று மாமாவின் பெட்டியைத் தோளில் சுமந்தபோது, பட்டப்பகலில் தெரு நெடுக அவருடைய விளக்குகளை எரியவிட்டோம். எல்லோரும் அண்ணாந்தே பார்த்தார்கள்.

போய் வாருங்கள், மாமா. நீங்கள் கடைசிவரை காட்டிக்கொடுக்காததை நானே சொல்லிவிடுகிறேன். ஏழாவது கரண்டியின்போது நான் திரைக்குப் பின்னால் மிச்சப் பால்கோவாவை வழித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசுபிசுப்பு, பதறி அடித்ததில் எல்லா ஸ்விட்சுகளும் சேர்ந்து அமுங்கிவிட்டன.