பேய்க்கு ஆள் எடுத்த நாள்

சூப்பர் ஹீரோ ஒருவன் பேய்களோடு மோதும் படம். ஹீரோ கொழும்பிலிருந்தே ரப்பர் உடுப்போடு வந்துவிட்டான். பேய்களைத்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொறுக்க வந்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. தெமோதரைப் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன் என்பதுதான் என் தகுதி.

வேலைக்குப் போகாமல், பவுடர் பூசி, கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்து நின்ற பெண்களைப் பார்த்து டைரக்டர் முகம் சுளித்தார்.

"முகத்தக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. இவங்களுக்குப் பேய் மேக்கப்பே தேவையில்ல."

நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

பிறகு லயத்து முற்றத்தில் ஒருத்தியை அலறச் சொன்னார். உயிர் போகிற மாதிரி அலறினாள். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அலறல் என்றால் குளவிக் கூட்டம் கொட்ட வருகிறது என்றுதான் அர்த்தம். கூடைகளை வீசிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு, தேயிலைக்குள் குப்புற விழுந்தார்கள். ஒரு அக்கா மட்டும் எங்களை நோக்கி ஓடி வந்தார்.

டைரக்டர் கைதட்டினார். "இதுதான் எனக்கு வேணும். கேமராவ வச்சிட்டு இன்னொருக்கா அலற விடுவோம். மேல இருக்கிறவங்களுக்குச் சொல்லிராதீங்க, சொன்னா நடிப்பாங்க."

அதற்குள் அந்த அக்கா வந்து சேர்ந்துவிட்டார். முழங்காலில் ரத்தம் வழிந்தது.

"யாருக்குத் தம்பி கொட்டிருச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா, நீங்க போய்க் கொழுந்து எடுங்க" என்று அவரைத் திரும்ப மலைக்கு அனுப்பியவன் நான்தான்.